தரகரம்மா முடித்துவைத்த சம்பந்தம்

அந்தக் கணினி மையத்தில் அவளுக்குப் பெயர் தரகரம்மா. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. பட்டம் வைத்தது யார் என்று இன்று யாருக்கும் நினைவில்லை. வைத்தவருக்கு அவள் வேலை நன்றாகப் புரிந்திருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

அடித்தளத்தில் பீரோ பீரோவாக நிற்கிறது ஒரு பெரிய கணினி. மழை பார்ப்பவர்கள், கடல் பார்ப்பவர்கள், ஆறு பார்ப்பவர்கள் என்று மாடிக்கு ஒரு கூட்டம் அதில் தங்கள் மென்பொருளை ஓட்டுகிறது. மனிதர்கள் எழுதுகிற நிரலைக் கணினி அப்படியே வாங்கிக்கொள்ளாது. இயந்திரத்துக்குப் புரிகிற பேச்சாக மாற்றித்தர நடுவில் ஒரு கம்பைலர் வேண்டும். கம்பைலர் மட்டும் போதாது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் துணைக்கு நாலு மென்பொருள் வேண்டும், அந்த நாலுக்கும் ஆளுக்கு நாலு. எதன் எந்தப் பதிப்பு எதனோடு ஒத்துப்போகும், எது எதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று பார்த்து, எல்லாவற்றையும் சரியான வரிசையில் கட்டி எழுப்புவதற்கென்றே ஒரு மென்பொருள் உண்டு. அதுதான் பேக்கேஜ் மேனேஜர். அதற்குப் பொருத்தம் பார்க்கக் கற்றுக்கொடுப்பவள் இவள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு செய்முறைக் கோப்பு எழுதிவைப்பாள்: இது இன்னாரோடு சேரும், இன்னாரோடு சேராது, இந்த வயதுக்கு மேல் என்றால் இன்ன நிபந்தனை.

"அக்கா, எங்க வரைபடக் கருவிக்கு நல்ல இடமா ஒண்ணு பாருங்க" என்று கடல்காரர்கள் வருவார்கள்.

"வயசு?"

"மூணு புள்ளி ரெண்டு."

"அந்த வயசுக்கு இப்ப யாரும் குடுக்க மாட்டாங்க. நாலுக்கு மாறிட்டு வாங்க, பேசி முடிக்கலாம்."

சின்ன உருவம். கண்ணாடியை மூக்கின் நுனியில் விட்டுவிட்டு அதற்கு மேலாகத்தான் மனிதர்களைப் பார்ப்பாள். கண்ணாடி வழியாகத் திரையை மட்டும். குளிர் ஒத்துக்கொள்ளாது. ஊரே வேர்த்துக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் பழுப்பு நிறக் கம்பளிச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாரிடமும் அதட்டிப் பேசியதில்லை. ஆனால் இரண்டு விஷயங்களில் அவளிடம் யாருடைய பாச்சாவும் பலிக்காது.

முதலாவது, செத்த வரி. நிரலில் வேண்டாம் என்று நினைத்த வரியை அழிக்க மனம் வராமல், கணினி படிக்காதபடி முன்னால் ஒரு குறி போட்டு அப்படியே விட்டுவைப்பார்கள் சிலர். அவள் கண்ணில் பட்டால் தீர்ந்தது. "செத்தத வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டுக் குடித்தனம் பண்ண முடியுமா? எடுங்க" என்பாள்.

இரண்டாவது, சலுகை. மையத்தில் அவளிடம் வேலை கேட்பவர்கள் அத்தனை பேரும் வரிசையில்தான் வர வேண்டும். வரிசையின் கடைசியில், எப்போதும் கடைசியில், அவள் புருஷன் நிற்பார்.

அவர் மூன்றாம் மாடி ஆற்றுக்காரர். நெட்டையான, நடக்கும்போது எதையோ யோசித்துக்கொண்டே தூணில் இடித்துக்கொள்கிற மனிதர். மேலே மலையில் மழை பெய்தால் கீழே எந்தப் பாலத்தில் எப்போது எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போடும் மென்பொருள் அவருடையது. தினசரி அறிவிப்பில் வெள்ளம் பற்றி வருகிற ஒரு பக்கம் அதிலிருந்து வருவதுதான். கரையோர ஊர்கள் மழைக்காலத்தில் வேறெதைப் படிக்கிறதோ இல்லையோ, அந்தப் பக்கத்தைப் படிக்கும்.

கல்யாணமான புதிதில் அவருக்கு வேண்டிய ஒரு துணை மென்பொருளை அவள் ஒரு நாள் முந்திக் கட்டிக்கொடுத்துவிட்டாள். அன்று கேன்டீனில் யாரோ, "வீட்டுக்காரருக்கு முதல் பந்திப்பா" என்றார்கள். சொன்னவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். அன்றோடு சரி. அதற்குப் பிறகு அவர் எது கேட்டாலும் மற்றவர்களைப் போல டிக்கெட், அதாவது கணினியில் ஒரு கோரிக்கை மனு, போட்டுத்தான் கேட்க வேண்டும். அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

"மதிப்பிற்குரிய பராமரிப்பாளர் அவர்களுக்கு, தாங்கள் நிறுவித்தந்த கோப்புக் கருவி நேற்று முதல் திறக்க மறுக்கிறது. தாங்கள் ஆவன செய்ய வேண்டுகிறோம். இப்படிக்கு, ஆறு."

"பெறப்பட்டது. வரிசையில் உள்ளது."

இதை எழுதிய இரண்டு பேரும் அன்று சாயங்காலம் ஒரே பஸ்ஸில் ஒரே இருக்கையில், அவர் பை அவள் மடியிலும் அவள் குடை அவர் கையிலுமாக வீட்டுக்குப் போவார்கள். மையத்தின் கேட்டைத் தாண்டினால் வேலைப் பேச்சு கிடையாது. அது வீட்டுச் சட்டம். நர்ஸிங் படிக்கிற மகள் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள். "ஊர்ல எல்லாரும் சண்ட போட்டுக்குவாங்க. எங்க வீட்டுல மட்டும் மனு போட்டுக்குவாங்க."

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் புதுக் குடும்பம் வந்தது.

கணினிக்குச் சிப் செய்கிற கம்பெனி கம்பைலரும் செய்கிறது. அதன் பழைய கம்பைலர்களைத்தான் மையம் வெகுகாலமாக நம்பிக்கொண்டிருந்தது. அவற்றை நிறுத்திவிட்டு, அடியிலிருந்து புதிதாகக் கட்டிய ஒரு குடும்பத்தை இறக்கியிருப்பதாகக் கம்பெனி அறிவித்தது. நிரல் எழுதுகிற மூன்று மொழிக்கு மூன்று பேர். ஒரே பெட்டியில் வந்தார்கள். மேலாளர் கூட்டம் போட்டுச் சொன்னார்: அடுத்த மாதக் கடைசியில் மையம் முழுவதும் புதுக் குடும்பத்துக்கு மாறும். அதற்குள் புதுக் கம்பைலரில் கட்டிச் சோதனையில் தேறிய மென்பொருள் மட்டும் தினசரி ஓட்டத்தில் இருக்கும். தேறாதது வெளியே. அடுத்த மாற்றம் அடுத்த வருஷம்தான்.

"அதாவது, இந்த மழைக்காலம் போச்சுன்னா போச்சு" என்று பின்வரிசையிலிருந்து ஆற்றுக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அவள் காதில் விழுந்தது.

முதல் வேலை, பேக்கேஜ் மேனேஜருக்குப் புதுக் குடும்பத்தை அறிமுகப்படுத்துவது. அது கணினிக்குள் கோப்புறை கோப்புறையாகப் போய், கம்பைலர் மாதிரித் தெரிகிற ஒவ்வொன்றிடமும் "நீ யார், உன் பதிப்பு என்ன" என்று கேட்டு, வருகிற பதிலைக் குறித்துக்கொள்ளும். புதியவர்களோ வேறொரு பிரபலமான கம்பைலரின் அஸ்திவாரத்தின் மேல் கட்டப்பட்டவர்கள். கேட்டால் பாதிப் பதிலை அந்த வீட்டுத் தோரணையிலேயே சொன்னார்கள். மேனேஜர் அவர்களைக் கொண்டுபோய் அந்த வீட்டுக் கணக்கிலேயே எழுதிவைத்துவிட்டது.

"அக்கா, மாப்பிள்ளைய மாத்திக் கூட்டிட்டு வந்துடுச்சு உங்க மேனேஜர்" என்றான் தாடி.

தாடி அவளுக்குப் பக்கத்து மேசை. அவள் எழுதுவதை அவனும் அவன் எழுதுவதை அவளும் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் எதுவும் கணினிக்குள் போகும். தான் எழுதியதற்குத் தானே ஒப்புதல் கொடுக்க மையத்தில் யாருக்கும் உரிமை இல்லை. வயதில் சிறியவன், வாயில் பெரியவன்.

"அதுமேல என்ன தப்பு? கேட்ட கேள்விக்கு மொத வார்த்தையோட திரும்பிடுது. முழுசாக் கேட்டுட்டு வரணும்னு நாமதான் சொல்லிக்குடுக்கணும்" என்று சொல்லி, பதிலைக் கடைசிவரை படிக்கும்படி அதைத் திருத்தினாள்.

அதன்பின் ஒவ்வொரு மென்பொருளாகப் புதுக் குடும்பத்தோடு சேர்த்துப்பார்த்தாள். சிலது முதல் பார்வையிலேயே ஒத்துப்போனது. சிலது முரண்டு பிடித்தது. முரண்டு பிடித்தவற்றின் செய்முறையில் ஒரு நிபந்தனை, ஒரு வரி என்று சேர்த்துச் சமாதானம் செய்தாள். வரிசையின் கடைசியில் ஆறு வந்தது.

ஆறு சண்டையே போடவில்லை. சமர்த்தாகக் கட்டிக்கொண்டது. ஓட்டிப் பார்த்தபோது வரைபடத்தில் ஆற்றைக் காணோம். நீலம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை. மலையிலிருந்து முகத்துவாரம் வரைக்கும், ஆறு என்று ஒன்று இருந்ததே இல்லை என்பது போல, வெறும் தாள்.

அவள் நிரலின் கோப்புகளில் பாதியைப் பழைய கம்பைலரிலும் பாதியைப் புதியதிலும் கட்டி ஓட்டினாள். ஆறு எந்தப் பாதியில் காணாமல் போகிறதோ அதை மறுபடி பாதியாக்கினாள். இப்படிப் பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே வந்து, ஒரு மத்தியானம் ஒரே கோப்பில், ஒரே வரியில் வந்து நின்றாள்.

நின்றவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வரியை அவளுக்குத் தெரியும்.

அவர் மென்பொருள் ஆற்றுப்படுகையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துவைத்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாத கட்டத்தில் பூஜ்யம் போடுவதில்லை. "இங்கே எண்ணே இல்லை" என்று குறிக்கிற ஒரு விசேஷ மதிப்பைப் போடும். கணினிக் கணக்கில் அந்த மதிப்புக்கு ஒரு வினோதமான குணம். அது எதற்கும் சமமில்லை. தனக்குத் தானேகூடச் சமமில்லை. அதனால் அவர் தெளிவாக ஒரே ஒரு கேள்வி எழுதிவைத்திருந்தார்: இந்த எண் தனக்குத் தானே சமமா? இல்லையென்றால் இங்கே தண்ணீர் இல்லை, தாண்டிப் போ.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம், அவ்வளவாகப் பழக்கமில்லாத இந்த நெட்டை மனிதர் கேன்டீனில் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "தனக்குத் தானே சமமில்லாத எண் ஒண்ணு இருக்கு. தெரியுமா உங்களுக்கு?" என்றார். தெரியும் என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரியாதே, சொல்லுங்க" என்றாள். அந்தச் சாப்பாட்டு வேளை முழுக்க அவர் அதைத்தான் சொன்னார். மகளுக்கு இன்றுவரை நம்பிக்கை வரவில்லை. "இதச் சொல்லியா அம்மாவக் கவுத்தீங்க?"

அந்த வரியைத்தான் புதுக் கம்பைலர் தூக்கி எறிந்திருந்தது. அதற்கு வேகம்தான் பிரதானம். சும்மா விட்டால், இந்த மாதிரி இல்லாத எண்கள் வரவே வராது என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கும். எந்த எண்ணும் தனக்குத் தானே சமம்தானே, இதை ஒரு கேள்வியென்று கேட்டு நேரத்தை வீணாக்குவானேன் என்று கேள்வியையே எடுத்துவிட்டது. காவல் போனதும் வெறுமை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு வழிந்தது. அதைத் தொட்ட கணக்கெல்லாம் வெறுமையானது. கடைசியில் ஆறு முழுக்க.

வீட்டில் பேசக் கூடாது. மேசையில் பேசினால் பத்துக் காது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் படிக்கட்டுத் திருப்பத்தில் இருவரும் நின்றார்கள். அவள் வரியைச் சொன்னாள்.

"அதுல என்ன தப்பு?" என்றார்.

"தப்புன்னு யாரு சொன்னா? புதுக் கம்பைலர் அத எடுத்துடுது."

"எடுக்க அது யாரு? கணக்கு விதிப்படி எழுதின வரி."

"அவசரக்குடுக்கை அது. நீங்க உங்க பக்கம் வேற மாதிரி எழுதிக்கங்களேன்."

"எழுதலாம். எழுதினா பழைய வெள்ளக் கணக்கையெல்லாம் மறுபடி ஓட்டிச் சரிபாக்கணும். மழைக்காலமே முடிஞ்சுடும். உன் செய்முறையில 'அவசரப்படாதே, எழுதினபடி கணக்குப் போடு'ன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது."

"உங்களுக்குன்னு தனி வரி போட மாட்டேன்."

"எனக்கா கேட்டேன்? ஆத்துக்கு."

"ஆறு யாரு பேர்ல இருக்கு?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். "சரி விடு. ஒரு வருஷம் வெளியில இருக்கட்டும்" என்று படியேறிப் போனார். ஏறும்போது கைப்பிடியில் இடித்துக்கொண்டார்.

அன்று பஸ்ஸில் அவர் பை அவர் மடியிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் துவைத்த துணியை மடித்து அடுக்கினார். அவளுடைய கம்பளிச் சட்டையை வழக்கத்தைவிட ஒழுங்காக மடித்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "அப்பா ரெண்டு நாளா டிவியில வானிலை மட்டும் பாக்குறாரு, சத்தம் வைக்காம. என்னம்மா ஆச்சு?" என்றாள் மகள். "ஒண்ணுமில்ல, ஆபீஸ்" என்றாள் இவள். "மனு எதுவும் தள்ளுபடி ஆயிடுச்சா?" அவள் எழுந்து குழாயை மூடப் போனாள். குழாய் மூடித்தான் இருந்தது.

புதுக் குடும்பத்துக்காக அவள் செய்த மாற்றங்கள் மொத்தத்தையும் தாடி அந்த வாரம் உட்கார்ந்து சரிபார்த்தான். ஒரு காலையில் நாற்காலியை உருட்டிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தான்.

"அக்கா, ஒரு சந்தேகம். இந்த 'அவசரப்படாதே' வரி கடல் அலைக்குப் போட்டிருக்கீங்க."

"ஆமா. இல்லன்னா சோதனையில தேறல."

"புள்ளிவிவரக் கருவிக்குப் போட்டிருக்கீங்க. நாலாவது மாடியில அந்த நிலநடுக்கக்காரருக்கு. அவரு கேக்கக்கூட இல்ல, நீங்களாவே போட்டிருக்கீங்க."

"தேவப்பட்டுச்சு, போட்டேன்."

"ஆத்துக்கு?"

அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் நாற்காலி போட்டு உக்கார வச்சுட்டு, அண்ணன மட்டும் நிக்க வச்சிருக்கீங்க. இதுக்குப் பேரு நடுநிலையா?"

"யாராவது ஏதாவது சொல்லுவாங்கடா."

"அன்னைக்கு 'முதல் பந்தி'ன்னு சொன்னவரு ரிட்டயர் ஆகிப் பேரன் பேத்தி எடுத்துட்டாரு. நீங்க இன்னும் அவருக்குப் பதில் சொல்லிக்கிட்டிருக்கீங்க." நாற்காலியை மறுபடி தன் மேசைக்கு உருட்டிக்கொண்டு போனான். அங்கிருந்து, "அவரு பொண்டாட்டியா இல்லாம இருந்தா போட்டிருப்பீங்கதானே?" என்றான்.

போட்டிருப்பாள். சந்தேகமே இல்லை. முதல் நாளே போட்டிருப்பாள். இத்தனை வருஷம் தராசைத் தன் பக்கம் சாயாமல் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்தவளுக்கு, அது அவருக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தே கிடந்தது அப்போதுதான் தெரிந்தது. வரிசையின் கடைசியில், சிரித்தபடி மனு எழுதிக்கொண்டு, அவர் எத்தனை வருஷம் நின்றிருக்கிறார். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. நேரில் நின்று ஒன்று கேட்டதே இந்த ஒரு தடவைதான். அதுவும் ஆற்றுக்காக.

ஆற்றின் செய்முறைக் கோப்பைத் திறந்தாள். புதுக் குடும்பத்தோடு கட்டும்போது மட்டும், கணக்கை எழுதியபடி போடவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாள். செய்முறை மாறினால் மென்பொருளுக்குச் சொந்தக்காரரும் சம்மதிக்க வேண்டும். மூன்றாம் மாடிக்கு அறிவிப்புப் போனது. பதில் வருவதற்குள் ஒரு காபி ஆறிப்போனது.

"மதிப்பிற்குரிய பராமரிப்பாளர் அவர்களுக்கு, இந்த மாற்றம் சலுகையா என்று அறிய விரும்புகிறோம். சலுகை எனில் ஏற்பதற்கில்லை. இப்படிக்கு, ஆறு."

அவள் எழுதினாள்: "சலுகை அன்று. இதே வரி அலை, புள்ளிவிவரம், நிலநடுக்கம் ஆகியவற்றுக்கும் முன்பே உள்ளது. தங்களுக்குத்தான் தாமதமாகிவிட்டது. தாமதம் எங்கள் தவறு."

இந்த முறை பதில் உடனே வந்தது. "சம்மதம்." கீழே இப்படிக்கு என்று ஒன்றும் இல்லை.

தாடி ஒப்புதல் கொடுத்தான். புதுக் கம்பைலர் இந்த முறை கேள்வியைக் கேள்வியாகவே விட்டுவைத்தது. வரைபடத்தில் மலையடியிலிருந்து ஒரு நீலக்கோடு இறங்கி, வளைந்து, பாலங்களைத் தாண்டி, விரிந்து, கடலைத் தொட்டது. சோதனை தேறியது. மாற்றத்துக்கு முந்தைய கூட்டத்தில் மேலாளர் பட்டியலை வாசித்தபோது ஆறு கடைசியாக வந்தது, ஆனால் வந்தது. அன்று பஸ்ஸில் அவர் பையை அவள் மடியில் வைத்துவிட்டு, சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "குடையக் குடு" என்றார். மழை ஒன்றும் இல்லை.

அந்த மழைக்காலம் முழுவதும் வெள்ளப் பக்கம் தவறாமல் வந்தது.

அது முடிந்த பிறகு அவர் நிதானமாக உட்கார்ந்து நிரலைத் திருத்தினார். தண்ணீர் இல்லாத கட்டங்களுக்கென்று தனியாக ஒரு அடையாளம் வைத்து, எந்த அவசரக்காரக் கம்பைலரும் கைவைக்க முடியாதபடி எழுதினார். பழைய வெள்ளங்களையெல்லாம் ஓட்டிச் சரிபார்த்தார். அதனால் அவளும் செய்முறையில் தன் வரியைப் பழைய பதிப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கினாள். அவர் நிரல் மாற்றத்தை அவள் சரிபார்ப்பதில்லை, அது பழைய வழக்கம்தான், தாடிக்குத் தள்ளிவிடுவாள்.

தாடி வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தான். பிறகு நாற்காலியை உருட்டாமல், இருந்த இடத்திலிருந்தே மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, அண்ணன் எல்லாத்தையும் சுத்தமா எழுதியிருக்காரு. ஆனா ஒரு செத்த வரி விட்டு வச்சிருக்காரு."

"எது?"

"அதான். தனக்குத் தானே சமமான்னு கேக்குறது. குறி போட்டு அப்படியே வச்சிருக்காரு. எதுக்குன்னு ஒரு விளக்கமும் இல்ல. எடுக்கச் சொல்லட்டுமா?"

அவள் கடல்காரர்களின் டிக்கெட் ஒன்றைத் திறந்து வைத்திருந்தாள். கம்பளிச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்திருந்தது. அதை மேலே தள்ளித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

"செத்ததாச்சே அக்கா."

"எனக்குத் தெரியும். நீ ஒப்புதல் போடு."

பக்கத்து மேசையில் விசைப்பலகை ஒரு தட்டுத் தட்டிச் சும்மா ஆனது. தாடி அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் கடல்காரர்களுக்குப் பதில் எழுத ஆரம்பித்தாள்: பெறப்பட்டது, வரிசையில் உள்ளது.